வைக்கோல் அடைத்த டயர்

விக்கிரவாண்டியில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, செஞ்சிப் பக்கம் சரளைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். கோட்டை பார்க்க வந்த சென்னை சைக்கிள்காரர்கள் தடித்த டயர்களில் என்னைத் தாண்டிப் போனார்கள். டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம் கேட்டதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அன்றும் இப்படியொரு பாதைதான். பிரசவ வலி எடுத்த அம்மாவைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, அப்பா ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் பின்னால் ஓடினேன். பாதி வழியில் டியூப் கிழிந்துவிட்டது. அப்பா வழியோரக் களத்து வைக்கோலைப் பிரியாக முறுக்கி டயருக்குள் திணித்தார்.

"மாட்டுக்குப் போடறத இதுக்குப் போடறியே, பால் கறக்குமாய்யா?" என்றாள் அம்மா, வலியோடு.

"பேசாம புடிச்சிக்கினு குந்து. ஜல்தி போயிடலாம்."

ஒவ்வொரு கல்லும் அவள் இடுப்பில் இடித்தது. அம்மா பிழைத்தாள். தங்கை பிழைக்கவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று நர்ஸ் கேட்டபோது, "வழியில ஒரு வண்டிகூட வரலங்க" என்றார் அப்பா.

கொஞ்ச தூரம் நடந்ததும், ஒரு டீக்கடையில் அந்தச் சென்னை சைக்கிள்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுடைய வேன் டிரைவர் பாதியில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டானாம்.

"அண்ணே, வண்டி ஓட்டுவீங்களா?"

"ஓட்டலுக்குச் சரக்கு வேன் ஓட்டியிருக்கேன்" என்றேன்.

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். சைக்கிள்களுக்குப் பின்னால் மெதுவாக வேனை ஓட்ட வேண்டும். மிதிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும்.