எட்வர்ட் ஈரத் துணி எடுத்த நாள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்குத் தரம் பார்க்கிற எட்வர்டின் வீட்டு முன்னறையில் ஒரு கடல் இருந்தது. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, உள்ளே உயிருள்ள பவளங்கள், இரண்டே இரண்டு மீன்கள். வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள். எட்வர்ட் தண்ணீரைப் பார்ப்பார். உப்பு எவ்வளவு, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு என்று தினமும் சோதனைக் குழாயும் கையுமாக நிற்பார். "பெத்த பிள்ளைக்குக் காய்ச்சல்னாக்கூட இப்படிப் பாத்ததில்ல" என்று நொடிப்பார் மனைவி ஜெயபாக்கியம்.

பவளம் வளர வளரத் தண்ணீரில் உள்ள காரத்தன்மை குறையும். தினமும் ஈடுகட்டியாக வேண்டும். அதற்கென்று விற்கிற வெளிநாட்டு டப்பாவை எட்வர்ட் வாங்கியதே இல்லை. மலைமேல் குரங்கணியில் சிநேகிதர் பேச்சிமுத்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கும்போது டப்பா எதற்கு? பறித்த காயை வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் முக்கியெடுத்துத்தான் அங்கே உலர்த்துவார்கள். அப்போதுதான் காய்ந்த பிறகும் பச்சை நிற்கும். அதே சோடாதான் பவளத்துக்கும் வேண்டும். ஆறு வருசமாக ஜீப்பில் பொட்டலம் வந்துகொண்டிருந்தது.

இருபது வருசச் சிநேகிதம். மண்டிக்கு வருகிற எல்லார் காயையும் எட்வர்ட் ஈரத் துணியில் தேய்த்துப் பார்ப்பார். சாயம் ஏற்றியிருந்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும். பேச்சிமுத்துவின் காய்க்கு மட்டும் துணி எடுக்கமாட்டார். முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவார். வியாபாரிகளுக்கு அந்தத் தலையாட்டல் போதும்.

போன ஐப்பசியில் சோடா தீர்ந்துபோனது. பேச்சிமுத்து ஊரில் இல்லை. எட்வர்டே ஸ்டோருக்குப் போய், மூலையில் கிடந்த மூட்டையை அவிழ்த்து, வெள்ளையாகத் தெரிந்த பொடியை ஒரு கிலோ அள்ளி வந்தார். மறுநாள் காலையில் கருப்புக் கேனில் அதைக் கரைத்து, தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழும்படி குழாயைத் திறந்துவிட்டு மண்டிக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பினால் தொட்டித் தண்ணீர் பச்சை. பவளங்களெல்லாம் சுருங்கிக் கிடந்தன. பாசியோ என்று நினைத்தார். ஒரே பகலில் இவ்வளவு பாசி பிடிக்குமா? கேனைத் தூக்கி வெள்ளை வாளியில் சாய்த்தார். கரும்பச்சையாக விழுந்தது. எத்தனை பேர் காயில் கண்டுபிடித்த சாயம், நனைந்தால்தான் நிறம் காட்டும் என்று அவருக்கா தெரியாது?

விடிந்ததும் மண்டி வாசலில் காத்திருந்தார். சரக்கோடு வந்து இறங்கினார் பேச்சிமுத்து.

"மூலையில கெடக்குற மூட்டையில என்னத்தடா கலந்து வச்சிருக்க?"

பேச்சிமுத்து மறுக்கக்கூட இல்லை. "அதை எதுக்கு மாப்ளே எடுத்த? ஒனக்குன்னு நல்ல சோடா தனியா வச்சிருக்கேன்ல."

"எத்தன வருசமா நடக்குது?"

"மூணு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா நீ தலையாட்டுவியா? ஒன் மூஞ்சிக்குப் பொய் வராது மாப்ளே. அதை நம்பித்தானே எல்லாவனும் நம்ம சரக்க வாங்குறான்."

எட்வர்ட் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். பவளம் செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். எட்வர்டின் முகத்தையே மூன்று வருசமாகச் சந்தையில் விற்றிருக்கிறான், அதுவும் மாப்ளே மாப்ளே என்று தோளில் கைபோட்டுக்கொண்டே.

வியாபாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சிமுத்துவின் காய் தட்டில் வந்தது. எல்லாரும் எட்வர்டின் தலையைப் பார்த்தார்கள். அவர் துணியைத் தண்ணீரில் நனைத்தார். பேச்சிமுத்து எழுந்து, "மாப்ளே, வேணாம்" என்றார். எட்வர்ட் நாலு காயை அழுத்தித் தேய்த்து, துணியை எல்லாரும் பார்க்க விரித்துப் போட்டார்.

"சாயம்" என்றார். "மூணு வருசமா இவன் சரக்க நான் தேய்ச்சுப் பாக்காமத்தான் நல்லதுன்னு தலையாட்டுனேன். இனிமே என்னைய நம்பியும் யாரும் வாங்காதீங்க."

சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரை மாற்ற வீட்டுக்கு நடந்தார்.