வந்துட்டே இருக்கு

"எழுதிக் குடுத்ததைத்தானே படிச்சேன், நானா கதை கட்டினேன்?" காலையில் பல் விளக்கியதும் இதைச் சொல்லாமல் அவள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். கேட்க ஆள் இருந்தாலும் சரி, எதிரே வெறும் சுவர் இருந்தாலும் சரி.

இருபத்தாறு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவள். ஜன்னல் இல்லாத அறை, ஆடும் முக்காலி, கத்தும் மின்விசிறி. வண்டி ரத்தானாலும் ரத்து என்று வாய் திறக்கக் கூடாது. கூட்டம் கண்ணாடியை உடைத்துவிடும் என்று மேலாளருக்குப் பயம். சீட்டு எழுதி வரும். இவளும் வீட்டில் பேசுகிற மாதிரியே, "வண்டி வந்துட்டே இருக்கு" என்று இழுப்பாள்.

ஊர் என்ன முட்டாளா? சம்பள உயர்வா, வந்துட்டே இருக்கு. குழாயில் தண்ணீரா, வந்துட்டே இருக்கு. நடக்காத காரியத்துக்கெல்லாம் அதுவே பேராகிப்போனது. அவளுக்கும் அதுதான் பட்டப்பெயர்.

"என்னக்கா, மாப்பிள்ளை வந்துட்டே இருக்காரா?" என்பான் காய்கறிக்காரன்.

"முதல்ல உன் தராசு நேரா நிக்கட்டும்டா, அப்புறம் அவரை வரச் சொல்றேன்."

அப்போதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு மதியம் அவள் தங்கை, காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு வெளியே நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்து அன்று ரத்து. அது இவளுக்குத் தெரியும். தங்கை நிற்பது தெரியாது. மூன்று முறை வாசித்தாள். ஆட்டோ பிடிக்கப் போன தங்கை மூன்று முறையும் திரும்பி வந்து நின்றாள்.

குழந்தை பிழைத்தது. காது இரண்டும் போய்விட்டது.

"ஊரே அதைச் சொல்லிச் சிரிக்குது. நான் மட்டும் என் அக்கா சொல்றாளேன்னு நின்னேன்." தங்கை அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பதினொரு வருஷம் ஆகிறது.

தங்கை வீடு நாலு தெரு தள்ளித்தான். வாரம் ஒருமுறை அந்த வாசல்வரை போகிறாள். மணி அடிக்கக் கை வராமல் திரும்பிவிடுகிறாள்.

"அடிச்சாத்தானே திறப்பா" என்று பக்கத்து வீட்டுக்காரி திட்டினாள்.

"திறந்தா என்னத்தைச் சொல்ல? எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்னா?"

இவள் இருப்பது சந்தைக்குப் பின்னால், இரண்டாம் மாடி, பச்சைக் கதவு. அந்தப் பக்கம் போனால் ஏறிப் பாருங்கள். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்ப வேண்டாம், அவள் நம்ப மாட்டாள். நேரே போய்க் கதவைத் தட்டுங்கள்.