செக்கிங் டேபிளில் என் புரோகிராம்

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நான் எழுதிய புரோகிராமைச் செக்கிங் டேபிளில் போட்டுப் பார்த்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டீ-ஷர்ட்டை விரித்துப் போட்டு ஓட்டை, கறை, தையல் விட்ட இடமெல்லாம் பார்ப்பார்களே... அதே டேபிள். அதே டியூப் லைட்.

எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது? என் வாய்தான் காரணம்.

பத்து வருஷமாகத் திருப்பூர் ராயபுரத்தில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து பனியன் கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவன் நான். எழுதுவதும் நானே, திருத்துவதும் நானே, "பிரமாதம்!" என்று சொல்லிக்கொள்வதும் நானே. இந்த வருஷம்தான் அந்த ஆசை வந்தது - ஓப்பன் சோர்ஸ்! முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கும் ஒரு ஸ்டாக் சாஃப்ட்வேர். மண்ணரையில் சுப்பண்ணன் கம்பெனிக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். அதில் பேக்கிங் லிஸ்ட் மட்டும் கிடையாது. எந்தப் பெட்டியில் எந்த சைஸ் எத்தனை பீஸ் என்று சொல்லும் பகுதி. நானே எழுதி அந்தக் கூட்டத்துக்கு அனுப்பி வைத்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.

அங்கே பொறுப்பில் இருப்பவர் ஒரு பின்லாந்துக்காரர். ரொம்ப மரியாதையாக மெயில் போட்டிருந்தார். "சில ஆர்டர்களில் மொத்தம் உதைக்கிறது. எழுதியவரைத் தவிர இன்னொருவர் பார்த்த பிறகு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் புது வெர்ஷனில் சேர்ப்போம்."

சேராவிட்டால்? ஒவ்வொரு புது வெர்ஷனிலும் என் பகுதியை நானே பிய்த்து ஒட்டிக்கொண்டு, ஆயுசுக்கும் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிசு அவமானம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்?

இதைப் போய்ச் சுப்பண்ணனிடம் புலம்பினேன் பாருங்கள்...

"இன்னொருத்தர் பாக்கோணும், அவ்வளவுதானுங்களே? ஏனுங்க தம்பி, நம்ம செக்கிங்ல பன்னெண்டு பேர் இருக்கறாங்களே!"

"இல்லீங்கண்ணா, இது கம்ப்யூட்டர் பாஷைங்க."

"அவங்களுக்கு இத்தாலி பாஷையுந்தான் தெரியாதுங்க. இத்தாலிக்கு நாம அனுப்பறதில்லீங்களா?"

புரோகிராமைப் பிரின்ட் கொடுத்தேன். ஆபீஸ் பிரின்டர் கரகரவென்று நாற்பது பக்கம் கக்கியது. டேபிளுக்குப் போனது.

முதல் காரியமாக எல்லாப் பக்கங்களையும் திருப்பிப் போட்டார்கள். செக்கிங்கில் சீனியர் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். "எம்மா, பின்னாடி ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"உள்பக்கம் பாக்காம எப்படிண்ணே பாஸ் பண்ண?"

நாற்பது வெள்ளைப் பக்கங்களையும் நிதானமாகப் பார்த்து "உள்பக்கம் ஓகே" என்றார்கள். ஒரு பெண் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஆறாம் பக்கம் கறைக்காக ரிஜெக்ட் ஆனது. அது நான் சிந்திய டீ.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எஸ்தர் பதினோராம் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினாள். பீஸில் டேமேஜ் இருந்தால் ஒட்டுவார்களே, அது.

"அண்ணே, மத்த எடமெல்லாம் S, M, L, XL, டபுள் XLனு வருது. இங்கன மட்டும் XL ரெண்டு வாட்டி கெடக்கு. டபுள் XL-ஐக் காணோமே?"

எழுந்து போய்ப் பார்த்தேன். காணோம்தான்!

மூன்று வாரமாக நான் தேடிய தப்பு. நானே எழுதியதாலோ என்னவோ, என் கண்ணுக்கு அது ஒவ்வொரு தடவையும் சரியாகவே தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவளைக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

திருத்தி, வியாழக்கிழமை அனுப்பினேன். 'பார்த்தவர்' என்ற இடத்தில் என்ன போட? பொய் சொல்ல மனசு வரவில்லை. "எஸ்தர், செக்கிங் செக்‌ஷன், திருப்பூர்" என்று போட்டேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். பின்லாந்துக்காரர் எஸ்தருக்குத் தனியாக நன்றி எழுதியிருந்தார். எனக்கு எழுதவில்லை.

கதை அதோடு முடிந்திருக்கலாம். இந்தத் திங்கட்கிழமை அதே கூட்டத்தில் எழுதும் ஒரு பிரேசில்காரரிடமிருந்து மெயில்: "என் புரோகிராமையும் எஸ்தர் மேடம் பார்த்துத் தருவாரா?"

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் போட்டாள். உள்பக்கம் ஓகே. முன்பக்கம் ஒவ்வொன்றாக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை.

"இவரு பீஸ் சுத்தமா வந்திருக்குண்ணே. உங்க பீஸ்தான் ஆல்ட்டருக்குப் போவுது" என்று சொல்லிவிட்டு அடுத்த டீ-ஷர்ட்டை எடுத்தாள்.

பத்து வருஷமாக இப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல்... அடடா, எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன்!