வால்பாறை ஜாடியும் கணபதி ஜாடியும்

எங்கள் வீட்டு ஒயினைப் பற்றி நான் வெளியில் அதிகம் பேசுவதில்லை. கணபதியில் எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்கிறவர்கள் ஒரு ஜாடி ஒயினும் போடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாராவது கேட்டால் "திராட்சை ஜூஸுங்க" என்றுதான் சொல்வோம். கேட்டவரும் "அப்படீங்களா" என்று தலையாட்டிவிட்டு இன்னொரு டம்ளர் வாங்கிக்கொள்வார். நேராகக் கேட்பதும் நேராகச் சொல்வதும் எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு.

என் அக்காவும் நானும் ஒரே கூடைத் திராட்சையில்தான் ஒயின் போடுவோம். அவள் வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். மழை ஓய்ந்ததும் லீவு போட்டுவிட்டு இறங்கி வருவாள். இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போய்க் கருப்புப் பன்னீர் திராட்சையாகப் பார்த்து வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, பாதிப் பாதியாகப் பிரிப்போம். சர்க்கரை, பட்டை, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை, ஈஸ்ட் எல்லாம் ஒரே அளவு. அவள் பங்கு பஸ் ஏறி மலைக்குப் போகும். என் பங்கு என் சமையலறையில் பீங்கான் ஜாடிக்குள் இறங்கும்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தால், ஒரே கூடை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவளுடைய ஒயினை மூக்குக்குக் கொண்டுபோனாலே பன்னீர் வாசம். வாயில் வைத்தால் இனிப்பு மெதுவாக வந்து, மெதுவாகவே போகும். குடித்துவிட்டுக் கண்ணை மூடினால் பனி இறங்கும் தேயிலைச் சரிவில் நிற்கிற மாதிரி இருக்கும். என்னுடையது அப்படி இல்லை. கருத்து, காரமாக, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கும். கடைசியில் ஒரு புளிப்பு நாக்கில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

"உன்ற ஒயினு உன்னைய மாதிரியேதான் அம்மணி. வாய்க்குள்ள போனதும் சுள்ளுங்குது" என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குற்றம் என்னுடையதா? எங்கள் வீடு ஷீட் போட்ட வீடு. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மோட்டார் வைண்டிங் பட்டறை. காயில்களுக்கு வார்னிஷ் போட்டுக் காயவைக்கும் அடுப்பு மார்கழியிலும் எரியும். அந்தச் சூட்டில் என் ஜாடி முதல் நாளே கொதிக்கிற உலைபோலச் சத்தம் போடும். சர்க்கரையை எல்லாம் அவசர அவசரமாகத் தின்று தீர்த்துவிட்டு, வாசத்தையும் காற்றில் விட்டுவிட்டு ஓய்ந்துபோகும். அக்காவின் ஜாடியோ குளிரில் ஒரு குமிழியை விட்டுவிட்டு அடுத்ததை யோசித்துக்கொண்டே இருக்குமாம்.

போன வருஷத்தோடு அக்காவுக்கு வேலை முடிகிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். அவள் என்னோடு வந்து இருக்கவேண்டும். மத்தியான வேளைகளில் படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். பின்னறையில் அவள் கட்டில், ஜன்னலோரம் அவள் ஜெபமாலை, காலையில் இரண்டு பேருமாகப் பூசைக்கு நடப்பது, வரும் வழியில் கீரைக்காரியோடு நான் சண்டை போட, அவள் என் கையைப் பிடித்து இழுப்பது. எல்லாம் நடந்து முடிந்த மாதிரியே தெரியும்.

பயம் வெயிலைப் பற்றித்தான். வாழ்நாளெல்லாம் ஸ்வெட்டரோடு இருந்தவள். டிசம்பரில் வந்தாலே ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவாள், அப்படியும் கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்துவிடும். நான் போன் செய்கிறபோதெல்லாம், "இங்க சூடு ஜாஸ்திங்க அக்கா. ஷீட்டு ஊடு வேற. உங்களுக்குத் தாங்குமோ என்னமோ" என்பேன். "இல்லை கண்ணு, நான் வாரேன்" என்று அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்று காத்திருப்பேன். "ஆமா கண்ணு" என்பாள். ஒருநாள், வால்பாறையிலேயே பஜார் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். "நல்லதுங்க அக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அன்றைக்குச் சோறு வடிக்கக்கூட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லி ஏப்ரலில் இறங்கி வந்தாள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளைச் சேலையில் இடுப்புக்குக் கீழே ஒரே சிவப்பு.

"ரத்தமில்லை கண்ணு. ஒயினு" என்றாள், முகத்தை மூடாத குறையாக.

நடந்தது இதுதான். மீதியிருந்த ஒயினை இரண்டு பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒயினோடு பஸ்ஸில் போகிறாள் என்று யாரும் வாசம் பிடித்துவிடக்கூடாதே என்று, கார்க்கை அழுத்தி, மேலே மெழுகு ஊற்றி, துணியும் சுற்றி இறுகக் கட்டியிருக்கிறாள். மலையில் குளிருக்குத் தூங்கிக்கொண்டிருந்த ஒயின், சர்க்கரை பாக்கியோடு கீழே இறங்கியிருக்கிறது. ஆழியாறு தாண்டிப் பொள்ளாச்சி வெயில் பட்டதும் விழித்துக்கொண்டது. கிணத்துக்கடவு வந்தபோது மடியிலிருந்த பாட்டில் டமாரென்று வெடித்துக் கார்க்கு பஸ் கூரையில் போய் அடித்தது.

"டயரு போச்சுன்னு டிரைவர் வண்டியை ஓரங்கட்டிட்டாரு. பக்கத்துல இருந்த அம்மா, 'ஏனுங்க, என்னுங்க இது, இப்படி மணக்குது?'ன்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்? இருமல் மருந்துன்னு சொல்லிப்போட்டேன்."

"நம்புனாங்களா?"

"எனக்கும் ரொம்ப நாளா இருமலுங்கன்னாங்க."

நடு பஸ் ஸ்டாண்டில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஒரு பூக்காரம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

இரண்டாவது பாட்டில் பிழைத்தது. வீட்டுக்கு வந்து மெழுகைச் சுரண்டிக் கார்க்கை மெல்லத் தளர்த்தியதும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அதை என் ஜாடியில் ஊற்றி, வாயில் மெல்லிய துணி கட்டிப் பின்னறை மூலையில் வைத்தோம். இங்கத்திய சூட்டில் மறுபடியும் வேலை செய்ய ஆரம்பித்தது.

அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் கண் சொக்குகிறது. ஷீட் மேல் ஈரச் சாக்கு போட்டிருப்போம். தரையில் தண்ணீர் தெளித்து, தலையணையை மட்டும் போட்டுப் படுத்திருப்போம். பட்டறையில் மோட்டார் ஒன்று சுற்றிச் சுற்றி நிற்கும். அந்த அமைதியில் ஜாடிக்குள் குமிழிகள் உடைவது காதில் விழும். அறை முழுக்கத் திராட்சையும் கிராம்பும் ஈரச் சிமெண்டும் கலந்த வாசம். அக்கா பாதித் தூக்கத்தில் ஏதாவது சொல்வாள், நான் பாதித் தூக்கத்தில் பதில் சொல்வேன், யார் எதைச் சொன்னோம் என்று எழுந்ததும் மறந்திருக்கும். பகல் எங்கே முடிந்தது என்றே தெரியாது.

குமிழி நின்றதும் ருசி பார்க்க ஆரம்பித்தோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் பல் கூசியதே தவிர வாசமே இல்லை. மத்தியானச் சூட்டில் ஊற்றினால் காரம் மட்டும் மூக்கில் ஏறியது. பானைத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்துச் சாயங்காலம் எடுத்தபோதுதான் சரியாக வந்தது. அக்காவின் பழைய ஒயினும் இல்லை, என்னுடையதும் இல்லை. இனிப்பு குறைந்திருந்தது. பன்னீர் வாசம் பாதி போயிருந்தது. ஆனால் நடுவில் ஒரு கனம் வந்திருந்தது. வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முந்தி ஒரு மணம் வருமே, அது.

"பரவாயில்லையே, கெட்டுப்போகலை" என்றாள் அக்கா.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் சொன்னது வேறு. அக்னி நட்சத்திரம் பிறக்கப் போகிறது, அவள் முதுகெல்லாம் வேர்க்குரு, ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறாள். பாவமாக இருந்தது. "வெயிலு இன்னும் ஏறுமுங்க அக்கா. அதுக்குள்ள மேல போயிருங்க" என்றேன். மறுநாளும் சொன்னேன். கஷ்டப்பட்டு எனக்காக உட்கார்ந்திருக்கிறாளே என்று தினமும் சொன்னேன். "ஆகட்டும் கண்ணு" என்று டம்ளரைக் கழுவி வைப்பாள்.

அக்னி நட்சத்திரத்தின் கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம், பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பியது. கொடியிலிருந்த துணியெல்லாம் ஒரே பக்கமாக எழுந்தது. வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து மிச்ச ஒயினை ஊற்றினேன். காற்றில் அதன் வாசம் வருவதும் போவதுமாக இருந்தது. என் வீட்டுக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தவர், "அக்காவுக்கு எந்த பஸ்ஸுக்குங்க டிக்கெட்டு பாக்கறது? இவ தெனமும் சொல்லிட்டிருக்கறாளே" என்று கேட்டார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க போறதுங்க மாப்பிள்ளை?" என்றாள். "அந்த பஜார் ஊட்டை வேண்டாம்னு சொல்லிப்போட்டுத்தான் பஸ் ஏறுனேன். கட்டிலு, பாத்திரம் எல்லாத்தையும் எஸ்டேட் லைன் ஊட்டுப் புள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். இங்கயே இருந்துக்கலாம்னு வந்தேன். இவ வந்த நாள்ல இருந்து வெயிலு வெயிலுன்னு சொல்லிட்டே இருக்கறா. சரி, இவளுக்கு என்ன சிரமமோன்னு வாயை மூடிட்டு இருந்தேன். ஒரு ஹாஸ்டல்ல கேட்டு வெச்சிருக்கறேன்."

அவர் உள்ளே போய்விட்டார். மூன்று வாரமாக, போக இடமில்லாதவளைத் தினமும் போகச் சொல்லியிருக்கிறேன். வந்த கோபத்தில் கத்தினேன்.

"ஏனுங்க அக்கா, இருக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"இருங்கன்னு சொல்றதுக்கு உனக்கு என்ன வெச்சிருந்துச்சு கண்ணு?"

நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "இருங்க அக்கா, இருங்க" என்று அழுதேன்.