மிளகாய்ப் பொட்டல ஏடு

ஊதா மை ஊறிய பசைத் தட்டின் மேல் வெற்றுத் தாளை விரித்து, உள்ளங்கையால் நீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரிக்கிறார் ராமநாதன். எழுத்துகள் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்ததும், "வந்துட்டா பாரு மகராசி!" என்று ஒரு குதி. நாற்பது பிரதிக்கு நாற்பது குதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மீசையும் ஊதா, நெற்றித் திருநீறும் ஊதா.

பதுளைக் கடைத்தெருவில் அவருக்குப் பலசரக்குக் கடை. கோச்சி ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுவதால் சரக்கு மாட்டுவண்டியில் வருகிறது. பாட்டு நடந்தே வருகிறது. தேயிலைத் தோட்டங்களில் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஞாயிறு காலை இங்கே சுக்குக் காப்பியும், உட்கார்ந்து சண்டை போட ஒரு பாயும் உண்டு. அவர்கள் பாட்டெல்லாம் இந்த ஊதா ஏடாகி, மிளகாய் மடிக்கும் தாளாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்விடும். ஏட்டைக் கண்டால் கிழித்துப்போடும் கங்காணி, மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தா படிக்கப் போகிறார்? லயத்துச் சனங்கள் தும்மிக்கொண்டே படிக்கிறார்கள்.

போன மாதம், ஏட்டுக்குப் பாட்டுகளை எழுதிக்கொடுக்கும் நல்லையா ஒரு காரியம் செய்துவிட்டார். எழுதத் தெரியாத தெமோதரைத் தோட்டத்து இராக்கம்மா தன் பாட்டைச் சொல்லச் சொல்ல எழுதியவர், அழகாக இருக்கட்டுமே என்று கடைசி அடியை மாற்றிவிட்டார். அவள் லயத்தில் யாரோ வாசிக்க, அவள் கேட்டுவிட்டாள்.

"நா பெத்த புள்ளைக்கு இவரு மூக்கு ஒட்ட வைக்கிறாரா? இனிமே வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லியனுப்பினாள்.

சனங்கள் ஏட்டைத் தேடுவதே அவள் பாட்டுக்காக. அவள் நின்றுவிட்டால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள்.

சமாதானம் பேச ராமநாதன் போகவில்லை. அடுத்த ஏட்டில் பாட்டை அவள் சொன்னபடியே போட்டார். அதன் கீழே நல்லையாவின் கையாலேயே எழுத வைத்தார்: 'திருத்தியவன் மடையன். இவனைத் திட்டிப் பாட்டுக் கட்டுவோர் ஞாயிறன்று வரலாம்.'

வந்தார்களே! தொலைவிலுள்ள பெரகலையிலிருந்துகூட வந்தார்கள். பாய் போதவில்லை, சாக்கை விரித்தார்கள். நல்லையாவின் நடைக்கு ஒரு பாட்டு, குடுமிக்கு ஒரு பாட்டு. அவரே தகர டப்பாவில் தாளம் போட்டுக்கொண்டு சிரித்தார். எழுதி எழுதிக் கடையில் இருந்த தாளெல்லாம் தீர்ந்தது. ராமநாதன் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஒரு திட்டா? தள்ளுங்க, நா திட்டுறேன்."

வாசலில் இராக்கம்மா, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

ராமநாதன் தாளுக்குப் பறந்தார். ஒரு துண்டுகூட இல்லை. மிளகாய் வாங்கிக்கொண்டு கடைப்படி இறங்கிய பெரியாயியின் கைப்பொட்டலத்தைப் பிடுங்கி, "முந்தானைய ஏந்து தாயி!" என்று மிளகாயை அதில் கொட்டினார். தாளை உதறித் தும்மினார், வெற்றுப் பக்கத்தைத் திருப்பி நீவினார், பேனாவை நல்லையாவின் கையில் திணித்தார்.