நைனா ஏறிய உப்பு மலை

மரக்காணத்தில் கைவிடப்பட்ட உப்புப் பாத்திகளுக்கு நடுவே ஒரு வரப்பு கடலுக்குப் போகிறது. மேடு பள்ளம் இல்லாத சுகமான நடை. நேற்று நண்பர்களோடு போனபோது காலடியில் உப்புப் பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவ்வளவுதான், எனக்கு ஏழு வயது ஆகிவிட்டது!

அப்போது இங்கே உப்பு விளைந்துகொண்டிருந்தது. செஞ்சியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தோம். திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் எனக்குக் கடலைக் காட்டுவதாக நைனா சத்தியம் செய்திருந்தார். வரப்புகள் கிளை கிளையாகப் பிரிய, வழி தப்பிவிட்டது. செஞ்சிக்காரர்களுக்கு வழி தப்பினால் ஒரே வைத்தியம்தான்: உயரமாக எதிலாவது ஏறிப் பார்ப்பது. கோட்டை மலை இல்லாத ஊரில் நைனா ஓலை மூடிய உப்புக் குவியலில் ஏறினார்.

"இன்னா தெரியுது நைனா?"

"பஸ் ஸ்டாண்டு தெரியுது" என்றவர் ஓலையோடு சறுக்கிக் கீழே வந்தார்.

"நல்லா ஊறுங்க, மாங்கா மாரி!" என்றாள் அம்மா. நான் அழ ஆரம்பித்தேன். "செத்த சும்மா இரு. அந்தாண்ட இரையுது பாரு" என்றாள் அம்மா.

இரைச்சல் வந்த பக்கம் ஓடினோம். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும், கடல்!

நான் சொல்லி முடித்ததும் நண்பர்கள், "பஸ் கெடச்சுதா?" என்றார்கள்.

எங்கே கிடைத்தது! ஸ்டாண்டில் ஈர வேட்டியைப் பிழிந்தபடி நைனா, "அப்ப இன்னொரு வாட்டி போலாமா?" என்றார். அம்மாதான் முதலில் கடல் பக்கம் திரும்பி நடந்தாள்.