மரியபுஷ்பம் போர்த்திய விமானம்

நான் முதன்முதலில் போனபோது மரியபுஷ்பம் அக்கா ஒரு ஜீப்புக்குக் கூரை தைத்துக்கொண்டிருந்தார். ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய கடை. ஓர் ஏரோப்ளேனுக்குத் துணி போர்த்த வேண்டும் என்று சொல்லி, கொண்டுபோன வரைபடத்தை விரித்தேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை.

“பொம்மையா கண்ணு?”

நிஜ அளவுதான், ஆனால் பறக்காது என்றேன். ஹரிக்கேன் என்ற போர்விமானம், இரண்டாம் உலகப் போரில் பறந்தது.

“சண்டைக்குப் போன ப்ளேனுக்குத் துணியா? உன்னைய ஆரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க.”

நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மூக்கில் பெரிய எஞ்சின், அதற்கு முன்னால் சுழலும் விசிறி. விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் வால்வரை உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம், அதைச் சுற்றி நீளநீளமாக அறுத்த மெல்லிய மரப்பட்டைகள், மேலே லினன் துணி. துணிமேல் டோப் என்ற மருந்தைப் பூசுவார்கள். அது காயக் காயத் துணி மத்தளத் தோல்போல் இறுகும். முழுக்க உலோகத்தில் வந்த விமானங்கள் இதைவிட வேகமானவைதான். ஆனால் இதில் குண்டு பட்டால் பல சமயம் துணியைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். தரையில் இருந்தவர்கள் ஒட்டுப்போட்டு, டோப் பூசி, மறுபடி அனுப்பிவிடுவார்கள். பர்மா எல்லையில் நம் விமானிகளும் இதை ஓட்டினார்கள். காட்டுக்குமேல் தாழப் பறந்து வேவு பார்த்தார்கள். இறக்கைக்கு அடியில் குண்டு கட்டிக்கொண்டும் போனார்கள்.

மிஷின் அப்போதுதான் நின்றது.

“ஒட்டுப் போட்டே சண்டை பண்ணியிருக்காங்க,” என்றார் அக்கா. “செரி, எப்ப வரோணும்?”

நான் மஞ்சக்குட்டையில் ஓர் எஸ்டேட் ஆபீசில் கடிதங்கள் பார்க்கிறேன். முதலாளி ஜீவானந்தத்தின் தாத்தா பர்மா எல்லையில் ஹரிக்கேன்களுக்கு எஞ்சின் பார்த்தவர். அவர் நினைவாக, காப்பி காயப்போடும் களத்தில் இந்த விமானத்தை நிறுத்தி, கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட முதலாளி ஆசைப்பட்டார். மூக்கும் இறக்கையும் சேலத்துப் பட்டறையில் தகரத்தில் தயாராயின. மரவேலை சின்னன் ஆசாரியுடையது. துணியில் மட்டும் முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. சரிவராவிட்டால் ஃப்ளெக்ஸில் அச்சடித்துச் சுற்றிவிடலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அக்காவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஃப்ளெக்ஸ் சுற்றினால் அது கல்யாண வளைவு, ப்ளேன் இல்லை என்றார்.

அக்கா வெள்ளக்கடை என்ற ஊர்க்காரர். அப்பா ஜீப் ஓட்டியவர். மலைப்பாதை மழையில் ஒழுகிய அந்த ஜீப்புக்குக் கூரை தைத்துத்தான் தொழில் பழகினார். அவர் தைத்த கூரை எந்தக் காற்றுக்கும் படபடக்காது. விரல் நுழையாதபடி இழுத்துக் கட்டுவார்.

விமானத்தையும் அப்படித்தான் கட்டினார். அடிவயிற்றின் நீளத்துக்கும் மல்லாந்து படுத்தபடியே கையால் தைத்தார். தையல்மேல், ஓரம் பல் பல்லாக வெட்டிய நாடாவை ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பனிமூட்டம் இல்லாத ஒரு நண்பகலில் டோப் பூசினோம். களம் முழுக்க நகப்பூச்சு வாசம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் மரப்பட்டைகள் உள்ளே வளைந்து, பட்டினி கிடந்த மாட்டின் விலாபோல் இருந்தன. இரண்டு முறிந்தும் போயிருந்தன. ஈர மரத்தைப் போட்டுவிட்டார் என்று எல்லாரும் சின்னன் ஆசாரியைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி ஃப்ளெக்ஸ் கடைக்குப் பேசப் போனை எடுத்தார். அக்கா பேசாமல் இருந்திருந்தால் பழி ஆசாரியோடு போயிருக்கும்.

“மரத்தைக் குத்தஞ் சொல்லாதீங்க,” என்றார். “ஜீப்புன்னா நாமதான் இழுக்கோணும். இதுல மருந்தே இழுத்துக்குது. நானும் இழுத்தேன், அதுவும் இழுத்துருச்சு. ஏனுங்க, ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க.”

முதலாளி போனைப் பையில் போட்டார். ஆனால் ஞாயிறு தாண்டினால் ஃப்ளெக்ஸ்தான் என்றார்.

அக்கா தன் கத்திரியாலேயே அத்தனை தையலையும் வெட்டி எடுத்தார். சின்னன் ஆசாரி புதுப் பட்டைகள் போட்டுக்கொண்டே, “இந்தத் தடவையாச்சும் கை நோகாம தையுங்க,” என்று வம்புக்கு இழுத்தார். அக்கா சிரிக்கவில்லை. பழைய ஜன்னல் சட்டங்களில் துணித்துண்டுகளைக் கட்டி, ஒன்றைவிட ஒன்றைத் தளர்வாக விட்டு, டோப் பூசி, எது எவ்வளவு இறுகுகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் விமானத்துக்குத் துணி கட்டியபோது, அது கட்டிலில் உதறிப் போட்ட போர்வைபோல் தொளதொளவென்றிருந்தது. அவர் கைக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இழுக்கத் தெரிந்த கை அது. நான்கைந்து தடவை துணியைப் பற்றிவிட்டு, இழுக்காமலே விட்டார்.

டோப் பூசியதும் அக்கா களத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வெயில் சாய்வதற்குள் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஞாயிறு காலை முதலாளி வந்து ஒவ்வொரு பட்டையாகத் தடவிப் பார்த்தார். ஒன்றுகூட வளையவில்லை. ஃப்ளெக்ஸைப் பற்றி அவர் பேசவே இல்லை.

விழாவுக்கு முன் விமானத்தருகே வைக்கும் பலகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் வேலை எனக்கு வந்தது. தொடாதீர்கள் என்று பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார் முதலாளி. எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்று, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“அப்புடி எழுதாத சாமி,” என்றார். “வர்றவங்க தகரம்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க. தட்டிப் பாருங்கன்னு எழுது. கிழிஞ்சா நான் வந்து ஒட்டுப் போடறேன்.”